கடையை வீட்டுக்குள்ள தூக்கிட்டு வராதே (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

உங்க தளத்தை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. விஷயம் சின்னது, சிரிக்காதீங்க. நான் தனியா இருக்கேன், வேலையும் வீட்ல இருந்தேதான். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு தினமும் வெளிய போய்தான் காபி குடிக்கிறேன். போன வாரம் உக்காந்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு எக்ஸெல்ல போட்டுப் பாத்தேன், தலை சுத்திடுச்சு. அதுக்கு வீட்டுக்கே ஒரு எஸ்பிரெஸோ மெஷின் (சுடுதண்ணியை அழுத்தித் தூளுக்குள்ள தள்ளிக் காபி இறக்குறது) வாங்கிடலாம், பதினாலு மாசத்துல போட்ட காசு திரும்பிடும்னு கணக்கு சொல்லுது. அதுக்கப்புறம் காபி கிட்டத்தட்ட இலவசம்தானே? 15 பார் பிரஷர் உள்ள மெஷின் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். ஒரே ஒரு தயக்கம், கடைல இருக்கிறவர் நான் கதவைத் தொறக்கும்போதே எனக்குப் போட ஆரம்பிச்சிடுவார், அதை விடறதுதான் ஒருமாதிரி இருக்கு. ஆனா அதுக்காக இவ்வளவு செலவு பண்ணலாமா? உடம்புக்கும் எது நல்லதுன்னு சொல்லுங்க.

அன்புடன்,
ஆர்.

தம்பி,

'நீ'ன்னே எழுதுறேன், கோச்சுக்காதே. திட்டணும்னு முடிவு பண்ணிட்டேன், 'நீங்க' போட்டுத் திட்ட எனக்கு வராது.

எதை வாங்கலாம்னு கேட்டு வர்ற கடிதங்களுக்குப் பொதுவா நான் பதில் போடுறதில்ல. ஆனா போன மாசம்தான் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன், சமையல் மேடைல பாதி இடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மெஷின், அது மேல துணி போத்தி, துணிக்கு மேல பழக்கூடை. என்னடி இதுன்னு கேட்டா, 'மூடு இருந்தா போடுவேன்'ங்கிறா. எனக்கு அவ குடுத்தது கரண்டியால கலக்கின இன்ஸ்டன்ட். அன்னைலேருந்து மண்டைக்குள்ள ஓடிட்டிருந்த விஷயம், உன் கடிதம் வாகா வந்து மாட்டிக்கிச்சு.

உடம்பை முதல்ல ஓரமா வெச்சிடலாம். ஆரோக்கியமான பெரியவங்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன், அதான் காபில இருக்கிற ஊக்கச் சரக்கு, அது வரைக்கும் பயமில்லன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015லயே சொல்லிடுச்சு, ரெண்டு கப் குடிக்கிறவன் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலகூட இல்ல. சாயங்காலம் குடிக்கிறதால தூக்கம் கெட்டா கொஞ்சம் முன்னாடியே குடி. முடிஞ்சுது.

எக்ஸெலையும் நான் தொடல. பதினாலு மாசமோ நாப்பது மாசமோ, உன் காசு உன் கணக்கு. ஆனா 'கிட்டத்தட்ட இலவசம்'னு எழுதியிருக்க பாரு, அங்கதான் சுருக்குன்னுச்சு. எக்ஸெல்ல மெஷினுக்கு ஒரு வரி எழுதியிருப்ப, அதைவிட முக்கியமான, கொட்டை அரைக்கிற கிரைண்டருக்கு ஒரு வரி எழுதினியா? தண்ணில இருக்கிற சுண்ணாம்பு உள்ள படியும், அதைக் கரைச்சு எடுக்கணும், ரப்பர் கேஸ்கெட் காய்ஞ்சு கெட்டியாயிடும், அதை மாத்தணும், ஆவிக்குழாய்ல பால் காய்றதுக்குள்ள துடைக்கணும், இதெல்லாம் எந்த வரில வருது? எல்லாத்தையும் விட, சிங்க்ல ஊத்தப்போற காபி எந்த வரில?

சிங்க்ல ஏன் ஊத்தணும்னு கேப்ப. படிச்சு முடிச்சு வேலை கிடைக்காம இருந்தப்ப ஒரு காபிக்கடைல கவுண்டருக்குப் பின்னாடி நின்னிருக்கேன் நான். ஓனரம்மா கடை தொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே மெஷினைப் போட்டுடுவாங்க, உள்ள தண்ணி சூடானா மட்டும் பத்தாது, தண்ணி இறங்குற அந்த கனத்த பித்தளைத் தலை, தூள் போட்டு மாட்டுற கைப்பிடி எல்லாமே ஊறி ஊறி சூடேறணும், அதுக்கு அரை மணி நேரம் ஆகும். அப்புறம் முதல் ஷாட், அதாவது மெஷின் ஒருதடவை இறக்குற காபி, நேரா சிங்க். ரெண்டாவது ஷாட்டை நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாத்துட்டு அதுவும் சிங்க். எனக்கு வயிறு எரியும். '18 கிராம் தூள் போட்டா 36 கிராம் காபி வரணும், அது 25லேருந்து 30 செகண்டுக்குள்ள வரணும், அது வராம யாருக்கும் குடுக்காதே'ம்பாங்க. சீக்கிரம் கொட்டிடுச்சுன்னா புளிக்கும், இழுத்துக்கிட்டே நின்னா கசக்கும். இதை சரி பண்றது மெஷினே இல்ல, கிரைண்டர்தான். ஒரு கோடு நகத்தினா போதும், ருசி மாறிடும், ஆனா உள்ள பழைய அளவுல அரைச்ச தூள் கொஞ்சம் தங்கியிருக்குமில்ல, அது தள்ளிட்டு வெளிய வர்ற வரைக்கும் புது அளவு எப்படின்னே தெரியாது.

கடைக்கு இதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல. காலைல ஒருதடவை சரி பண்ணிட்டா அப்புறம் அடுத்தடுத்து கப் போய்க்கிட்டே இருக்கும், மெஷின் ஆறவே ஆறாது, கிரைண்டர்ல தூள் தங்கவே தங்காது. உனக்கு? காலைல ஒரு கப், அப்புறம் மெஷின் ஆறி அணைஞ்சு கிடக்கும், சாயங்காலம் ஒரு கப். இதுல இன்னொண்ணு, வறுத்த கொட்டைலேருந்து கரியமில வாயு நாளுக்கு நாள் வெளிய போய்க்கிட்டே இருக்கும், அது போகப் போக தண்ணி தூளுக்குள்ள வேகமா இறங்கும், அதுக்கேத்த மாதிரி இன்னும் நைசா அரைக்கணும், நீ ஒரு பாக்கெட்டுக்கு சரியான அளவைப் பிடிக்கிறதுக்குள்ள பாக்கெட்டே தீந்துடும். கடைக்காரருக்கு நாளைக்கு ஒரு முதல் ஷாட். உனக்கு நாளைக்கு இருக்கிற ரெண்டுமே முதல் ஷாட்.

இதுல பதினஞ்சு பார்னு பெருமை வேற. பார்ங்கிறது அழுத்தத்தை அளக்கிற அலகு, எஸ்பிரெஸோவுக்கு வேண்டியது 9 பார், பெட்டி மேல போட்டிருக்கிற 15ங்கிறது பம்ப் முக்கித் தள்ளினா எவ்வளவு தள்ளும்ங்கிற நம்பர். காரோட மீட்டர்ல 220 வரைக்கும் எழுதியிருக்குங்கிறதுக்காக யாராவது அந்தக் காரை வாங்குவாங்களா?

நான் மெஷினுக்கு எதிரி இல்ல. சில பேருக்கு இந்தத் தொல்லையே பொழுதுபோக்கு, கழட்டி மாட்டி அளந்து எழுதி வெச்சு சந்தோஷமா இருப்பாங்க, அவங்க தாராளமா வாங்கட்டும். உன் கடிதத்துல அந்த ஆசை ஒரு வரில கூட இல்லையே, காசு மிச்சம் பண்றதுதானே இருக்கு.

அந்த மெஷின் யாருக்காக உண்டாச்சுன்னு யோசிச்சியா? 1884ல இத்தாலியோட டூரின் நகரத்துல ஏஞ்சலோ மோரியோண்டோன்னு ஒருத்தர் ஆவியால ஓடுற காபி மெஷினுக்கு பேட்டன்ட் எடுத்தார், அவர் ஹோட்டல் வெச்சிருந்த ஆள், நிறைய பேருக்கு ஒரே நேரத்துல சீக்கிரமா காபி குடுக்கணும், அதுதான் அவர் கவலை. 1901ல மிலான்ல லூயிஜி பெஸ்ஸெரா அதை கப் கப்பா போடுற மாதிரி மாத்தினார். இன்னைக்கு நாம பாக்கிற அந்த நுரை, க்ரேமா, அது அக்கீலே காஜ்ஜியாவோட வேலை, 1938ல பேட்டன்ட் எடுத்து, போர் முடிஞ்சு 1948ல கைப்பிடியை இழுத்துப் போடுற லீவர் மெஷினா வந்துச்சு, அவரும் காபி பார் வெச்சிருந்தவர்தான். 1961ல ஃபாயெமா கம்பெனியோட E61 மெஷின் வந்தப்ப லீவரை இழுக்கிற வேலையையும் பம்ப் எடுத்துக்கிச்சு. இத்தனை பேரும் முட்டி மோதினது எதுக்கு, எதிர்ல வரிசைல நிக்கிற ஆளை நிமிஷத்துல அனுப்பி வைக்க. உன் சமையலறைல வரிசை எங்கடா இருக்கு?

நான் வேலை செஞ்ச கடைக்கு ஒரு பெரியவர் வருவார். தினமும் வருவார், தினமும் குடிச்சு முடிச்சிட்டு 'எங்க வீட்ல நான் இதைவிட நல்லா போடுவேன்'னு சத்தமா சொல்லிட்டுத்தான் எந்திரிப்பார். எனக்கு எரிச்சலா வரும், ஓனரம்மா கண்ணாலேயே அடக்கிடுவாங்க. ஒருநாள் நான் தாங்கமாட்டாம 'அப்ப கொண்டாங்களேன் பாப்போம்'னு வாயை விட்டுட்டேன். மறுநாள் மனுஷன் ஃபிளாஸ்க்கோட வந்து நிக்கிறார்! ஓனரம்மா ஒரு வாய் குடிச்சாங்க, ஒண்ணும் சொல்லல, இன்னொரு வாய் குடிச்சாங்க, 'எப்படிப் போட்டீங்க'ன்னாங்க. நிஜமாவே எங்களோடதைவிட நல்லா இருந்துச்சு. பேப்பர் ஃபில்டர், அப்பப்ப அரைச்ச தூள், கொதிச்சு அடங்கின தண்ணி, கொஞ்சங்கொஞ்சமா ஊத்திக்கிட்டு நிமிஷக்கணக்கா நிப்பாராம், நடுவுல ஜன்னல் வழியா வெளிய பாப்பாராம். 'நான் அப்படி நின்னா வரிசை தெருவுக்குப் போயிடும்'னு ஓனரம்மா சிரிச்சாங்க. கடையால குடுக்கவே முடியாத ஒண்ணு அவர் வீட்ல இருந்துச்சு, நேரம்.

வீட்டுக் காபிக்குன்னு தனியா ஒரு வம்சாவளி இருக்கு தம்பி. 1908ல ஜெர்மனியோட டிரெஸ்டன்ல மெலிட்டா பென்ட்ஸ்னு ஒரு குடும்பத்தலைவி, காபில வண்டல் தங்குது, கசக்குதுன்னு வெறுத்துப்போய், பித்தளைப் பாத்திரத்துல ஓட்டை போட்டு, பையனோட நோட்டுலேருந்து மை ஒத்துற தாளைக் கிழிச்சு உள்ள வெச்சு வடிகட்டினாங்க. பேட்டன்ட், கம்பெனி எல்லாம் அப்புறம். பேப்பர் ஃபில்டர் அப்படித்தான் வந்துச்சு, எந்தக் கவுண்டர்லயும் பிறக்கல. (உடம்பு உடம்புன்னு கேட்டியே, கொலஸ்ட்ராலை ஏத்துற கஃபெஸ்டால்னு ஒரு எண்ணெய்ச் சரக்கு காபில இருக்கு, அதுல பெரும்பங்கை அந்தத் தாளே பிடிச்சு வெச்சுக்கும்.) 1933ல அல்ஃபோன்ஸோ பியாலெட்டி, அடுப்புல வெச்சு ஆவி அழுத்தத்துல காபி போடுற மோக்கா பானையைக் கொண்டு வந்தார், 'வீட்லயே காபி பார்ல குடிக்கிற எஸ்பிரெஸோ'ன்னு அதையும் வித்தாங்க, உண்மைல அதுல ஒண்ணு ரெண்டு பாருக்கு மேல அழுத்தம் வராது, அது எஸ்பிரெஸோ இல்ல. ஆனா அதனால என்ன, அது அதோட வேலையை நல்லாத்தான் செய்யுது.

இப்ப அந்த 'ஒருமாதிரி இருக்கு'க்கு வர்றேன். கடிதம் பூரா கணக்கு எழுதிட்டு நடுவுல அந்த ஒரு வரியை நைசா ஒளிச்சு வெச்சிருக்க. வீட்ல இருந்தே வேலை, தனியா இருக்கேன்னும் நீயேதான் எழுதியிருக்க. நீ வாய் தொறக்கறதுக்கு முன்னாடி உன்னை யாருன்னு தெரிஞ்சு ஒருத்தர் வேலையை ஆரம்பிக்கிறார், ஒரு நாள்ல அப்படி வேற எங்க நடக்குது உனக்கு? அதைக் கொண்டுபோய் 'செலவு'ங்கிற தலைப்புல போட்டிருக்கியேடா மடையா. 1675 டிசம்பர்ல இங்கிலாந்து ராஜா ரெண்டாம் சார்லஸ் காபிக்கடைகளை எல்லாம் மூடச் சொல்லி ஆணை போட்டார், எதிர்ப்பு கிளம்பி, அமலுக்கு வர்ற முன்னாடியே ஜனவரில வாபஸ் வாங்க வேண்டியதாப் போச்சு. அவருக்கு காபி மேல பகை இல்ல, அங்க உக்காந்து ஜனங்க பேசுறதுதான் உறுத்துச்சு. லண்டன்ல எட்வர்ட் லாயிட் கடைல கப்பல்காரங்க கூடிக் கூடிப் பேசித்தான் லாயிட்ஸ்ங்கிற இன்சூரன்ஸ் சந்தையே முளைச்சுது. குடிக்க மட்டும்னா அவங்களும் வீட்லயே குடிச்சிருக்கலாமே. எங்க பெரியவர் ஃபிளாஸ்க் கொண்டு வந்து ஜெயிச்சாரே, மறுநாளும் வந்தார், காசு குடுத்து எங்க காபியைக் குடிச்சார், அதே வசனத்தைச் சொல்லிட்டுப் போனார்.

அதனால காலைக் காபியை வீட்ல போட்டுக்கோ, சாயங்காலம் கடைக்குப் போ. உன் கணக்குல பாதி மிச்சம், போதும். போறப்ப போனைப் பாத்துக்கிட்டு நிக்காம, அவர் பேர் என்னன்னாவது கேளு, கடிதத்துல எங்கயும் காணோமே.

காலைக்கு வேண்டியது கையால சுத்துற ஒரு நல்ல கிரைண்டர், பேப்பர் ஃபில்டர், அதைத் தாங்குற கூம்பு, ஒரு சின்ன தராசு. பிளேடு வெச்ச மிக்ஸி வகையறா வேண்டாம், அது பாதியை மாவாக்கும் பாதியைக் கல்லா விடும், மாவு கசக்கும் கல்லு புளிக்கும். 15 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணி, சூடு 90லேருந்து 96 டிகிரிக்குள்ள. குடிக்கிற கப்ல 98 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், அதனால தண்ணி குளோரின் நாத்தம் அடிச்சா எந்தக் கொட்டை வாங்கியும் பிரயோஜனமில்ல. முதல்ல தூள் நனையுற அளவுக்கு மட்டும் ஊத்திட்டு அரை நிமிஷம் விடு, உப்பி வந்தா கொட்டை புதுசு, உப்பலன்னா கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான். மிச்சத்தை மெதுவா ஊத்து, மொத்தம் மூணு நிமிஷம். பால் விட்டுக் குடிக்கிறவன்னா மோக்கா பானையை எடுத்துக்கோ, பேப்பர்ல வடிச்சதுல பால் ஊத்தினா தண்ணியா இருக்குன்னு என்னைத் திட்டுவ. கசந்தா கொஞ்சம் பெருசா அரை, புளிச்சா கொஞ்சம் நைசா அரை, ரெண்டும் இல்லாம சப்புன்னு இருந்தா தூள் பத்தல. அதுக்கெல்லாம் கடிதம் போடாதே.