மோர்தானா அணைக்கு எது தாலுகா? எக்ஸ்பாத்தில் மிக அருகிலுள்ள மூதாதையைத் தேடுவது எப்படி?

கேள்வி: வேலூர் மாவட்ட நீர்நிலைகளை எக்ஸ்எம்எல் கோப்பாக (தகவலைக் குறிச்சொற்களால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் வடிவம்) தொகுத்துவருகிறேன். மாவட்டத்துக்குள் தாலுகா, அதற்குள் கிராமம், அதற்குள் அணை. மாவட்டம், தாலுகா, கிராமம் மூன்றுக்கும் ‘பகுதி’ என்ற ஒரே உறுப்புதான் (குறிச்சொல்). ‘வகை’ என்ற பண்பு மட்டும் மாறும். இக்கோப்புகளில் தேட உதவும் எக்ஸ்பாத் மொழியில், மோர்தானா அணையிலிருந்து (ஆன்செஸ்டர்::பகுதி)[1] என்று தேடினால், குடியாத்தம் வராமல் வேலூர் வருகிறது. ஏன்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ( ) என்ற வளைவு அடைப்புக்குறிதான் காரணம். ஆன்செஸ்டர் (மூதாதை, அதாவது சூழ்ந்திருக்கும் வெளி உறுப்புகள்) கீழிருந்து மேலே ஏறும் அச்சு, அதாவது தேடும் திசை. அதில் [1] என்றால் நீங்கள் நிற்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பது. அதாவது மோர்தானா கிராமம். 2 குடியாத்தம், 3 வேலூர். அடைப்புக்குறி போட்டுவிட்டால் எக்ஸ்பாத் மூன்றையும் முதலில் திரட்டிக்கொண்டு, ஆவண வரிசைப்படி எண்ணுகிறது. ஆவணத்தில் முதலில் திறப்பது வேலூர் அல்லவா? 1999இல் வந்த எக்ஸ்பாத் 1.0 தொட்டு இதுவே விதி.

அடைப்புக்குறியை எடுத்தால் கிராமம்தான் கிடைக்கும். தாலுகா வேண்டுமென்றால் இப்படி எழுதுங்கள்:

ஆன்செஸ்டர்::பகுதி[@வகை='தாலுகா'][1]

இந்த வரிசை மிக முக்கியம். [1][@வகை='தாலுகா'] என்று மாற்றிப் போட்டால், முதலில் கிராமத்தை எடுத்துக்கொண்டு, ‘இது தாலுகாவா?’ என்று பார்க்கும். இல்லை என்பதால் விடை வெறுமையாக வரும். பிழைச் செய்திகூட வராது. பலர் மணிக்கணக்கில் தவிப்பது இங்கேதான்.

உங்கள் கோப்பில் தாலுகாவுக்குள் தாலுகா வராது. எனவே கடைசி [1] இல்லாமலும் சரியாகவே வரும். ஆனாலும் விட்டுவிடாதீர்கள். பிரிவுக்குள் பிரிவு அடங்கும் கோப்புகளில் அதுதான் காப்பாற்றும்.

இரண்டு புள்ளி, சாய்கோடு என்று அடுக்கி மேலே ஏறும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏதாவது ஓர் ஏரியைக் கிராமம் குறிப்பிடாமல் நேரே தாலுகாவின் கீழ் சேர்த்தால், கணக்கு ஒரு படி தப்பி மாவட்டத்தில் போய் நிற்கும்.

ஆன்செஸ்டர் என்பதை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். பகுதி, வகை ஆகிய தமிழ்ப் பெயர்களை எக்ஸ்எம்எல் அப்படியே ஏற்கும்.

இன்னொன்று: எல்லா அணைகளுக்கும் ஒரே வரியில் தாலுகா கேட்டால், ஒரு தாலுகாவில் இரண்டு அணைகள் இருந்தாலும் அதன் பெயர் ஒருமுறைதான் வரும். அணைக்கு எதிரே தாலுகா என்று அட்டவணை போடுவதானால், அணைகளை முதலில் எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே மேலே தேடுங்கள்.