கல்லூரி பேஸ்பால் அணிக்கு எதற்கு நான்கு பயிற்சியாளர்கள்? ஒருவர் போதாதா?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிவிட்டு, ரசீதில் 'விளையாட்டுக் கட்டணம்' என்ற வரியைப் பார்த்துக் கடுப்பானவர் போலத் தெரிகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். அந்தக் கட்டணத்தை நானும் கட்டியவன்தான். ஆனால் "நாலு பேர் சும்மா நின்று எதையோ மென்றுகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. மெல்வது சூரியகாந்தி விதை. அது போகட்டும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் பயிற்சியாளன் இல்லை. 2018-19இல் அமெரிக்காவின் தென்பகுதியில் முதுகலை படித்தபோது, கைச்செலவுக்காக அங்கிருந்த பேஸ்பால் அணியில் மாணவர் வேலை பார்த்தேன். பந்து பொறுக்குவது, மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பது, ஆட்டத்தின்போது ஒவ்வொரு பந்தையும் தாளில் குறிப்பது. "ஒரு வருஷம் பந்து பொறுக்கினவன் பாடம் எடுக்க வந்துட்டான்" என்று சொல்ல இருப்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம். நான் சொல்வது முதல் டிவிஷன், அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டத்துக் கதை. மற்ற டிவிஷன்களில் வேறு மாதிரி இருக்கும், அதைக் காட்டி அடிக்க வராதீர்கள்.

சரி, நாலு பேருக்கும் என்ன வேலை? பிப்ரவரி நடுவில் தொடங்கி மே மாதத்துக்குள் 56 ஆட்டங்கள் வரை ஆடுவார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு ஒரே அணியோடு மூன்று, நடு வாரத்தில் வேறு அணியோடு இன்னொன்று. தலைமைப் பயிற்சியாளர் பாதி நேரம் கணக்குப்பிள்ளை. அப்போது முழு அணிக்கும் சேர்த்து 11.7 முழுப் படிப்பு உதவித்தொகைதான். ஆமாம், புள்ளி ஏழு. அதை 27 பேர் வரை பிய்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாமவர் ஆள் பிடிப்பவர். எந்தப் பள்ளியில் எவன் இடது கையால் வேகமாக வீசுகிறான் என்று ஊர் ஊராக அலைவார், பேட்டிங்கும் அவர் தலையில்தான். மூன்றாமவர் பிட்ச்சிங் கோச், அதாவது பந்து வீசும் பிட்ச்சர்களுக்கான பயிற்சியாளர். கிரிக்கெட்டில் என்ன பந்து போடுவது என்று பவுலர்தான் யோசிப்பான். எங்கள் அணியில் ஒவ்வொரு பந்தையும், அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து இவர்தான் சொல்வார். மூன்று இலக்க எண்ணை விரலால் காட்டுவார். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் தன் மணிக்கட்டுப் பட்டையிலுள்ள அட்டையில் அந்த எண்ணைத் தேடுவான். என்ன பந்து, எந்த மூலை என்று அதில் இருக்கும். இப்போது இதற்கு மின்னணுக் கருவியே வந்துவிட்டது.

நாலாவது ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிலே.

அணியின் இணையதளத்தில் அவர் படம் கடைசியில் இருக்கும். 'தன்னார்வ உதவிப் பயிற்சியாளர்' என்று போட்டிருக்கும். தன்னார்வம் என்றதும் ஞாயிற்றுக்கிழமை ஏரி தூர்வாருகிற மாதிரி நினைத்துவிடாதீர்கள். காலை ஏழு மணிக்கு மைதானத்துக்கு முதலில் வருவதும் அவர், இரவு விளக்கை அணைப்பதும் அவர். சம்பளம் பூஜ்யம். மருத்துவக் காப்பீடு கிடையாது. தலைமைப் பயிற்சியாளர், சம்பளத்துக்கு இரண்டு உதவியாளர்கள், சம்பளமில்லாமல் ஒருவர், இதுதான் அப்போது விதி. கோடை முகாமில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும், மாலையில் தனி வகுப்பு எடுத்தும் வயிற்றைக் கழுவினார்.

ஃபங்கோ என்று ஒரு மட்டை உண்டு. வழக்கமானதைவிட நீளம், மெலிசு, கனமே இருக்காது. அதை வைத்துக்கொண்டு ஃபீல்டர்களுக்குத் தரையோடு பந்தடித்துக் கொடுப்பார். ஒரு நாளைக்கு இருநூறுக்குக் குறையாது. கைப்பிடியில் சுற்றிய டேப் அவர் விரல் பதிந்து பதிந்து கறுத்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) முடிந்து வந்த பிட்ச்சிங் கோச், "எத்தனை?" என்றார். எங்கள் பிட்ச்சர் அதுவரை வீசிய பந்துகளின் எண்ணிக்கை. அளவு மீறினால் தோள்பட்டை தாங்காது, அதற்காகத்தான் எண்ணுவது. தாளைப் பார்த்து "எண்பத்தொன்று" என்றேன். பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த நம்மாள் தலை நிமிராமலே "தொண்ணூற்றிநாலு" என்றார். கையில் ஒரு குட்டிக் கருவி. நம்மூரில் ஜபம் எண்ணுவதற்குக் கட்டைவிரலால் அழுத்துவார்களே, அதேதான்.

பிட்ச்சிங் கோச் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தப்பு என்னுடையதுதான். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்ஸ்மேன் அவுட். ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு அவன் ஃபவுலாக, அதாவது கோட்டுக்கு வெளியே, அடித்தால் அது மூன்றாவது ஸ்ட்ரைக் ஆகாது. ஸ்ட்ரைக் கணக்கில் வராதது பந்துக் கணக்கிலும் வராது என்று நானாக முடிவு செய்து, அந்தப் பதின்மூன்றையும் விட்டுவிட்டேன். பையனுக்குப் பத்தொன்பது வயது. என் எண்ணை நம்பியிருந்தால் அடுத்த இன்னிங்ஸுக்கும் அனுப்பியிருப்பார்கள்.

ஆட்டம் முடிந்து பந்துகளைப் பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது அவரே வந்து தாளை வாங்கி, விடுபட்ட இடங்களில் எல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தார். "அது ஃபவுல்னு அவன் தோள்பட்டைக்குத் தெரியாதுப்பா" என்கிற அர்த்தத்தில் என்னவோ சொன்னார். மறுநாள் அந்தக் கருவியில் இன்னொன்று என் தாள் அட்டையில் கட்டித் தொங்கியது. அவர் கைக்காசில் வாங்கியது.

ராட் டெடோவும் வருடத்துக்கு ஒரு டாலருக்குத்தானே வேலை பார்த்தார், இதெல்லாம் விளையாட்டின் மீதுள்ள பக்தி என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். டெடோ தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 11 தேசியப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தவர், உண்மை. ஆனால் அவருக்குச் சொந்தமாக லாரி கம்பெனி இருந்தது ஐயா.

2022இல் இப்படிக் கூலியில்லாமல் உழைத்த பேஸ்பால் பயிற்சியாளர்கள், கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ மீது வழக்குப் போட்டார்கள். 2023 ஜூலை 1 முதல் தன்னார்வப் பதவியே ஒழிந்து, நாலாவது ஆளுக்கும் சம்பளம் தரலாம் என்றானது. வழக்கும் 4.9 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசமானது. நம்மாள் அதற்கு இரண்டு வருடம் முன்பே விலகி, ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராகிவிட்டார். ஆக, நீங்கள் 'வெட்டிச் செலவு' என்று எண்ணிய நாலு பேரில் ஒருவருக்கு அந்தக் காலத்தில் செலவே இல்லை.

வெட்டிச் செலவு என்றால் வளாகத்துப் பார்க்கிங் அலுவலகத்தைக் கேளுங்கள். ஆட்டம் நடக்கும் நாளில், அணி வேலைக்காக நான் எடுத்துப்போன என் நண்பனின் காருக்கு, மைதானத்துக்குப் பின்னாலேயே 45 டாலர் அபராதம். ஓட்டிக்கொண்டு போனது நான் என்பதால் நான்தான் கட்டினேன். ஐந்து மணி நேர வேலைக்கு எனக்குக் கிடைத்ததைவிட அது அதிகம். மேல்முறையீடு செய்தேன். நம் நாலாவது ஆள் பக்கத்தில் நின்று, "எனக்கு இந்த வருஷம் மூணு" என்றார்.