சளி போய்விட்டது, மூக்கு ஸ்பிரே போகவில்லை

கேள்வி: சளிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மூக்கு ஸ்பிரேயை மூன்று வாரமாகப் போடுகிறேன். சளி எப்போதோ சரியாகிவிட்டது. ஆனால் ஸ்பிரே போடாமல் படுத்தால் மூச்சு விட முடியவில்லை. கடையில் “இது இன்னும் வீரியமானது” என்று வேறொன்று கொடுத்தார்கள். போடலாமா?

வேண்டாம். பழையதையும் நிறுத்த வேண்டிய நேரம் இது.

இப்போது உங்கள் மூக்கை அடைப்பது பெரும்பாலும் அந்த ஸ்பிரேதான். மூக்கின் உள்சவ்வில் இருக்கிற ரத்தக்குழாய்களை அது சுருக்குகிறது, சில நிமிடங்களில் மூக்கு திறக்கிறது. வேகம் இறங்கியதும் குழாய்கள் மறுபடி விரிகின்றன. நாள்கணக்கில் போட்டால் முன்பைவிட மோசமாக வீங்கும். உடனே கை பாட்டிலைத் தேடும். தலையணைக்கு அடியில் ஒன்று, கைப்பையில் ஒன்று என்று வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள், அவ்வளவுதான் இதன் கணக்கு. பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில்!

“வீரியமானது” என்ற பேச்சை நம்பாதீர்கள். பெட்டியில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின், நாஃபாசோலின் எல்லாம் ஒரே குடும்பம். பெட்டியின் நிறம்தான் வேறு. மூன்றாவது பாட்டில் வாங்க வருகிறவரிடம் “எத்தனை நாளாகப் போடுகிறீர்கள்?” என்று கேட்கிற கடைக்காரரைப் பார்ப்பது அபூர்வம். விற்றால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள், அப்புறம் எங்களிடம் வருகிறீர்கள்.

ஒரேயடியாக நிறுத்த முடியவில்லையா? முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் தானாகத் திறந்தபின் மற்றதையும் விடுங்கள். உப்புநீர் ஸ்பிரே தாராளமாகப் போடலாம். முதல் சில இரவுகள் கஷ்டம்தான், தலையை உயர்த்திப் படுங்கள்.

மருத்துவர் ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தரலாம். பாட்டில் அதே மாதிரி இருக்கும், ஆனால் மருந்து வேறு. ஐந்து நாள் கணக்கு இதற்குக் கிடையாது, இது மூக்கைப் பழக்கப்படுத்தாது. போட்டவுடன் திறக்கவும் திறக்காது. தினமும் போட்டால் சில நாளில், சிலருக்கு இரண்டு வாரத்தில் பலன் தெரியும். நடப்பது என்னவென்றால், ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து இதை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டு, பழையதைத் தொடர்கிறார்கள். விட வேண்டியது பழையதை, இதை அல்ல! போடும்போது வலது துளைக்கு இடது கையால் பிடியுங்கள். முனை காதுப் பக்கம் சாயும், நடுச்சுவரில் அடித்துப் புண்ணாகாது.

ரத்தக்கொதிப்போ இதயநோயோ இருந்தால் கடை ஸ்பிரேயை மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இரண்டு வாரமாகியும் திறக்கவில்லை, ஒரு பக்கம் மட்டும் அடைக்கிறது, ரத்தம் வருகிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் புது பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலே நாடித்துடிப்பு இறங்கி மயக்கமாகிவிடும்.