வாகனப் புகை இல்லாத ஊரிலும் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வருமா?

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார். நாலு வயது மகனுக்கு மூன்று வருடமாக மாசி, பங்குனியில் இழுப்பு வருகிறதாம். கொழும்பு மாதிரி வாகன நெரிசல் இல்லாத ஊரில் காற்று மாசு எங்கிருந்து வரும் என்பது கேள்வி.

வரும், தங்கச்சி. நான் படுவான்கரைக்காரி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். என் மகளுக்கு மூன்று வயதில் தொடங்கிய இழுப்பு. இப்போது பதினொரு வயது. எங்கள் பக்கத்துப் புகை ரோட்டில் இல்லை, பிள்ளையின் மூக்குக்குக் கிட்டவே இருக்கிறது.

மாசி, பங்குனி என்றதும் எனக்கு வைக்கோல்தான் ஞாபகம் வந்தது. பெரும்போக நெல் அறுவடை முடிகிற நேரம் அல்லவா? கையால் வெட்டிக் கதிரைச் சூடாகக் குவித்து மிதித்த காலத்தில் வைக்கோல் ஓரிடத்தில் குவியும், மாட்டுக்குப் போகும். இப்போது மெஷின் வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. அள்ளுகிற கூலி கட்டாது என்று நெருப்பு வைத்துவிடுகிறார்கள். பின்னேரம் காற்று அடங்கினால் அந்தப் புகை மேலே போகாமல் வயல்வெளியிலிருந்து வளவுக்குள் வந்து படுத்துவிடும். அதில் இருக்கும் நுண்துகள்கள் 2.5 மைக்ரோமீற்றரை விடச் சிறியவை. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்செடுக்கிறோம், கைக்குழந்தை 30க்கு மேல். அதே புகைக்குள் இருந்தாலும் உடம்பின் அளவுக்குப் பார்த்தால் பிள்ளைக்குள் போவதுதான் அதிகம். அந்த நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் வைக்கோல் சில கிழமைதான். வருடம் முழுக்க வீட்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். இதை நான் பட்டுத்தான் படித்தேன். டெங்குப் பயத்தில் யன்னலை எல்லாம் பூட்டி, கட்டிலுக்குக் கீழே நுளம்புச் சுருள் கொளுத்திவைப்பேன். இரவு இரண்டு மணிக்கு மகளுக்கு நெஞ்சு விசில் அடிக்கும். மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டொக்டர் முதலில் கேட்டது, "வீட்டில் என்ன கொளுத்துகிறீர்கள்?" என்றுதான். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அன்றிரவே சுருளை நிறுத்தி நுளம்பு வலை கட்டினேன். இரவு ஓட்டம் பாதிக்கு மேல் குறைந்தது. குளிக்கவார்த்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதும் இதே கணக்குத்தான். மாமிமார் கோபித்தாலும் சொல்லிப் புரியவையுங்கள்.

2022இல் காஸ் கிடைக்காமல் நாங்களும் விறகுக்குத் திரும்பினோம். முடிந்தால் அடுப்பை வெளியே கொட்டிலில் வையுங்கள், ஈரத் தேங்காய்ப் பொச்சு வேண்டாம். சமைக்கும்போது பிள்ளையை இடுப்பில் வைத்திருக்காதீர்கள். பொலித்தீனைக் குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது.

தூரத்துக் காற்றும் இருக்கிறது. 2022 டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அது வடக்கே இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்த மாசு. வாடைக்காற்றுக் காலத்தில் அப்படி நடக்கும், அதை நாங்கள் தடுக்க முடியாது. அப்படியான நாளில் பிள்ளையை வெளியே ஓடி விளையாட விடாதீர்கள்.

அப்புறம் பம்ப், அதாவது வாயால் இழுக்கும் மருந்து (இன்ஹேலர்). "பழகினால் விட ஏலாது" என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். நீல நிற பம்ப் உடனடி ஆறுதலுக்கு. தினமும் எடுக்கத் தந்த மண்ணிற பம்ப்பைப் பிள்ளை சுகமாக இருக்கிறது என்று நீங்களாகவே நிறுத்த வேண்டாம். நான் நிறுத்தித்தான் ஒரு பங்குனியில் நான்கு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தோம்.

விலா உள்ளிழுத்தாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு கொப்பியில் இழுப்பு வந்த நாளையும் அன்று சுற்றி என்ன எரிந்தது என்பதையும் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். என் கொப்பியைப் பக்கத்து வயல்காரத் தம்பியிடமும் காட்டினேன். இப்போது எரிக்க நினைத்தால் முதல் நாளே வந்து சொல்கிறான். போன போகத்தில் பாதி வைக்கோலை மாட்டுப் பட்டிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.