கேள்வி – பதில்: காசாவை விட்டு வெளியேறியது தவறா?

கேள்வி: 2005இல் காசாவை விட்டு இஸ்ரேல் தானாகவே வெளியேறியதுதான் ஹமாஸ் ஆயுத இயக்கம் இஸ்ரேல் மீது நடத்திய 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குக் காரணம் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். நிலத்தை விட்டுக்கொடுத்தால் நாட்டின் பாதுகாப்பு போய்விடும் என்பது அவர் வாதம். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வெளியேறியதை நான் குறை சொல்லமாட்டேன், யாரிடமும் பேசாமல், எதையும் யாரிடமும் முறையாக ஒப்படைக்காமல் வெளியேறியதைத்தான் குறை சொல்வேன். ஏறத்தாழ 13 லட்சம் பாலஸ்தீனர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு சிறு நிலப்பரப்பில், எட்டாயிரத்துச் சொச்சம் யூதக் குடியேறிகளைப் பெரும் படையை வைத்துக் காத்து வந்தது இஸ்ரேல். 2002இல்கூட "நெட்சாரிமின் கதிதான் டெல் அவிவின் கதி" என்று காசாவிலிருந்த அந்தச் சிறு குடியேற்றத்தைப் பெருநகரத்துக்கு இணையாக வைத்துப் பேசிய பிரதமர் ஏரியல் ஷரோன், 2003 டிசம்பரில் ஹெர்ஸ்லியா மாநாட்டில் ஒருதலைப்பட்ச விலகல் திட்டத்தை அறிவித்தார். 2005 ஆகஸ்டில் காசாவின் 21 குடியேற்றங்களும் மேற்குக் கரையின் வடபகுதியில் 4 குடியேற்றங்களும் காலி செய்யப்பட்டன. செப்டம்பர் 12ஆம் தேதி கடைசிப் படைவீரரும் காசாவை விட்டு வெளியேறினார்.

பேச ஆளில்லை என்பதே ஷரோன் தரப்பு சொன்ன காரணம். ஆனால் 2004 நவம்பரில் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் மறைந்து, 2005 ஜனவரியில் ஆயுதப் போராட்டத்தை வெளிப்படையாக எதிர்த்துவந்த மஹ்மூத் அப்பாஸ் அவர் இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகும், திட்டம் ஓர் உடன்படிக்கையாக மாறவில்லை. மாற்றும் எண்ணமும் இருக்கவில்லை என்பதை, அரசியல் பேச்சுவார்த்தையை உறையவைப்பதே இதன் நோக்கம் என்று ஷரோனின் ஆலோசகர் டோவ் வைஸ்கிளாஸ் 2004 அக்டோபரிலேயே பேட்டியில் ஒப்புக்கொண்டது காட்டிவிடுகிறது. விளைவு, பேசிப் பெற்றதாகக் காட்ட அப்பாஸ் கையில் ஒன்றுமில்லை. எங்கள் ஆயுதம்தான் அவர்களை விரட்டியது என்று ஹமாஸ் ஊரெங்கும் சொல்லிக்கொண்டது. அப்பாஸின் ஃபத்தா கட்சியின் ஊழல் மீதிருந்த கோபமும் சேர்ந்துகொள்ள, 2006 ஜனவரியில் நடந்த பாலஸ்தீன நாடாளுமன்றத் தேர்தலில் 132 இடங்களில் 74ஐ ஹமாஸ் வென்றது. 2007 ஜூனில் காசா முழுவதும் அதன் பிடிக்குள் போனது.

குடியேறிகள் விட்டுச்சென்ற பசுமைக்குடில்களின் கதையை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். உலக வங்கியின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் தம் சொந்தப் பணத்தையும் போட்டு, நன்கொடை திரட்டி அவற்றைப் பாலஸ்தீனர்களுக்காக வாங்கினார். ஒரு பகுதி சூறையாடப்பட்டது. அதைப் பலரும் சொல்வார்கள்; எஞ்சியவை பழுதுபார்க்கப்பட்டு விளைச்சலும் வந்தது என்பதைச் சொல்லமாட்டார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி, காசாவின் சரக்குகள் செல்லும் கர்னி எல்லைக்கடப்பை இஸ்ரேல் அடிக்கடி மூடியதால், ஏற்றுமதிக்குப் பறித்த காய்களும் பழங்களும் அந்தப் பக்கம் போக வழியின்றி அழுகின. நிலம் கைமாறியதே தவிர, அங்கே பிழைப்பதற்கான வழி கைமாறவில்லை.

எகிப்திடமிருந்து பிடித்த சினாய் தீபகற்பத்திலிருந்து இஸ்ரேல் விலகியதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1979இல் எகிப்துடன் உடன்படிக்கை செய்து, யமித் நகரிலிருந்த தன் மக்களை வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தி, 1982 ஏப்ரலில் ஏறத்தாழ சினாய் முழுவதையும் இஸ்ரேல் திருப்பிக் கொடுத்தது. காசாவைவிடப் பன்மடங்கு பெரிய நிலம் அது. படைகளுக்கு வரம்பும், கண்காணிக்கப் பன்னாட்டுப் படையும் எழுத்தில் இருந்தன. இத்தனை போர்களுக்குப் பிறகும் அந்த உடன்படிக்கை முறியவில்லை.

கேள்வி: இஸ்ரேலுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்ததா?
– வாசகி, திருவாரூர்

பதில்: கடுமையாகவே இருந்தது. 2004 மே மாதம் ஷரோனின் சொந்தக் கட்சியான லிக்குடின் உறுப்பினர்களே வாக்கெடுப்பில் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். அதை மீறி அவர் நாடாளுமன்றத்தில் 67–45 என்று நிறைவேற்றிக்கொண்டார். அன்று ஆதரித்து வாக்களித்த நிதியமைச்சர் நெதன்யாகு, வெளியேற்றம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது பதவி விலகினார். எதிரிக்கு இது ஊக்கம் தரும் என்று எச்சரித்த ராணுவத் தலைமைத் தளபதி மோஷே யாலோனுக்குப் பதவி நீட்டிப்பு தரப்படவில்லை. அவர் எச்சரிக்கை பொய்யாகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ராணுவம் அங்கேயே இருந்திருக்கலாமே?
– வாசகர், வேலூர்

பதில்: இருந்தபோது நடந்ததை மறந்துவிடக் கூடாது. காசாவிலிருந்து ராக்கெட்டுகள் வரத் தொடங்கியது 2001இல். அப்போது குடியேற்றங்களும் ராணுவமும் அங்கேதான் இருந்தன. 2004 மே மாதத்தில் இரண்டே நாட்களில் 11 இஸ்ரேலியப் படைவீரர்கள் மாண்டார்கள். எகிப்து எல்லையை ஒட்டிய சுமார் 14 கிலோமீட்டர் பிலடெல்ஃபி பாதையைக் காப்பதற்காக, காசாவின் தெற்கு எல்லை நகரான ரஃபாவில் வரிசை வரிசையாக வீடுகள் இடிக்கப்பட்டன. வீடிழந்த பிள்ளைகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். வெளியேறிய பின்னும் வானும் கடலும் இஸ்ரேலின் கையிலேயே இருந்ததால், காசா மக்களைப் பொறுத்தவரை ஆக்கிரமிப்பு முடிந்துவிடவில்லை.

2024 ஆகஸ்டில் அதே பிலடெல்ஃபி பாதையில் படை தொடர்ந்து இருக்க வேண்டும் என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது, எதிர்த்து வாக்களித்தவர் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் யோவ் கலான்ட். அக்டோபர் 7 அன்று ஹமாஸ் பிடித்துச்சென்ற பணயக் கைதிகளின் உயிரை விலையாகக் கொடுத்து அந்தப் பாதையைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை. நான் அவர் பக்கமே நிற்பேன். ஆனால் விலகும்போது அந்த எல்லையைப் பொறுப்பேற்கும் ஒரு பாலஸ்தீன நிர்வாகத்தின் கையெழுத்தும், எகிப்தின் கையெழுத்தும் ஒப்பந்தத் தாளில் இருந்தாக வேண்டும்.