தபேதார் என்றால் யார்?

கேள்வி: ஐயா, முதல் உலகப் போரில், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய கோவிந்த் சிங்கை 'லான்ஸ் தபேதார்' என்று படித்தேன். எங்கள் பக்கம் கலெக்டர் ஆபீஸில் பட்டை அணிந்து அறை வாசலில் நிற்பவரைத்தான் தபேதார் என்போம். அப்படியானால் கோவிந்த் சிங் அதிகாரிக்கு ஏவல் செய்தவரா, சண்டை போட்டவரா?
- கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சண்டை போட்டவர்தான் தம்பி. காலாட்படையில் ஹவில்தார் என்பவர் குதிரைப்படையில் தபேதார். லான்ஸ் தபேதார் அதற்கு ஒரு படி கீழே, காலாட்படையின் நாயக் பதவிக்குச் சமம். குதிரை போய் டாங்க் வந்த பிறகும் இந்தப் பெயர்கள் மாறவில்லை. நானே தபேதாராக ஓய்வு பெற்றவன். பதவி உயர்வு வந்ததும் வேலந்தாவளத்துக்குக் கடிதம் போட்டேன். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அம்மா, "பட்டாளத்தை விட்டுட்டுக் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிட்டானா?" என்று தபால்காரரிடம் கேட்டாராம். லீவில் வந்தபோது அவரை உட்காரவைத்து நான் சொன்னது கோவிந்த் சிங்கின் கதையைத்தான்.

அவர் ராஜஸ்தானின் நாகௌர் பக்கத்துக்காரர். 28-ஆம் லைட் கேவல்ரி என்ற குதிரைப்படை ரெஜிமெண்டைச் சேர்ந்தவர், பிரான்ஸில் 2-ஆம் லான்சர்ஸ் ரெஜிமெண்டோடு இணைக்கப்பட்டிருந்தார். 1917 டிசம்பர் 1, காம்ப்ரே போர்முனை. முன்னேறிப் போன ரெஜிமெண்ட் எதிரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. பின்னால் இருந்த பிரிகேட் தலைமையகத்துக்குச் செய்தி போயே ஆகவேண்டும். இடையில் ஒன்றரை மைல், ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். கடலை பறித்து முடித்த நம் ஊர்க் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளிய ஒரு புதர் கிடையாது. எதிரியின் கண்ணிலிருந்தும் குண்டிலிருந்தும் அங்கே தப்ப வழியில்லை.

யார் போவது என்றபோது கோவிந்த் சிங் தானாக முன்வந்தார். வழியில் குதிரை சுடப்பட்டு விழுந்தது. மீதி வழியை ஓடியே கடந்து செய்தியைக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. இரண்டாம் முறையும் அவரே முன்வந்தார், மூன்றாம் முறையும் அவரே. மூன்று தடவையும் குதிரை சுடப்பட்டது. மூன்று தடவையும் செய்தி போய்ச் சேர்ந்தது.

முதல் முறை போனதைத் துணிச்சல் என்று சொல்லிவிடலாம். அந்த வெளி எப்படிப்பட்டது என்று உடம்பால் தெரிந்துகொண்ட பிறகும் இன்னொரு குதிரையில் ஏறினாரே, அதற்கு எனக்கு இன்றும் சொல் கிடைக்கவில்லை. அந்தக் குதிரைகளையும் நான் மறப்பதில்லை. அவற்றிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

விக்டோரியா கிராஸ் இந்தியச் சிப்பாய்களுக்கும் உண்டு என்று ஆனதே 1911-இல்தான். ஆறே வருடத்தில் இவருக்குக் கிடைத்தது. பின்னர் ஜமேதார் என்ற இளநிலை அதிகாரியாக உயர்ந்தார், 1942-இல் காலமானார்.

கேள்வி: நம்மவர்கள் யாரும் குதிரைப்படையில் இருந்ததில்லையா?
- அதே வாசகர்

பதில்: இருந்தார்கள். இன்னும் சொன்னால், கோவிந்த் சிங்கின் 28-ஆம் லைட் கேவல்ரியே 1784-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தொடங்கிய மதராஸ் குதிரைப்படை ரெஜிமெண்ட்தான். அப்புறம் 'போர்க்குணம் வடக்கத்தியருக்குத்தான் உண்டு' என்று ஆங்கிலேயத் தளபதிகள் ஒரு கொள்கை வகுத்தார்கள். மதராஸ் படைகளிலிருந்து நம்மவர்களைப் படிப்படியாகக் கழித்துவிட்டு வடக்கிலிருந்து ஆள் எடுத்தார்கள். கோவிந்த் சிங்கின் வீரத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கொள்கை பொய், அநியாயம். பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க எனக்கு அது வலித்தது.

உங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் புதுநகரம் போனால் ராவுத்தர்மார் வீடுகள் இருக்கும். ராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரைவீரர் என்றுதான் பொருள். அங்குள்ள பெரியவர்களிடம் பழைய குதிரைக் கதைகளைக் கேட்டுப் பாருங்கள், கேட்டதை எனக்கும் எழுதுங்கள்.