பெரியப்பாவின் பெட்டியும் சித்திரை வெயிலும்

வணக்கம் அண்ணா,

சித்திரையில் இருபது நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறோம். கதை முழுக்க, நடுவில் முற்றமுள்ள ஒரு பழைய நாற்சார் வீட்டில் நடக்கிறது. நண்பனிடம் சோனி எப்எக்ஸ்30 கமெரா இருக்கிறது. முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த பெரியப்பாவின் பெட்டியில் இரண்டு லென்ஸ் கிடைத்தன. ஒன்று சுப்பர் டகுமார் 50 மி.மீ., எப் 1.4. அதன் கண்ணாடி தேத்தண்ணி நிறத்தில் மஞ்சளாக இருக்கிறது. மற்றது சின்னது, 25 மி.மீ., 16 மி.மீ. பிலிம் கமெராவுக்குரியதாம். அதற்குள் சிலந்திவலை மாதிரி ஏதோ தெரிகிறது. கொழும்பில் ஒருவர் குக் ஸ்பீட் பாங்க்ரோ என்ற பழைய சினி லென்ஸ் செட் ஒன்றை வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். எங்கள் காசில் பாதி அதற்கே போய்விடும். பழைய லென்ஸ் போட்டால் படம் பிலிம் மாதிரி வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

பிலிம் மாதிரி வராது. பிலிமில் தெரியும் மணிமணியான துகளும், வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் அது மெல்ல வெள்ளையாகிற விதமும் பிலிமுக்கே உரியவை. லென்ஸ் அவற்றைத் தராது. பழைய லென்ஸ் தருவது வேறொன்று. அது கிடைப்பதற்கு உங்கள் சித்திரை வெயில் விடுமா என்பதுதான் எனக்குள்ள யோசனை.

ஸ்பீட் பாங்க்ரோ பிறந்த கதையே வெளிச்சம் குறைந்த கதைதான். இங்கிலாந்தின் லெஸ்டரில் டெய்லர், டெய்லர் அன்ட் ஹொப்சன் என்ற கம்பனியில் எச். டபிள்யூ. லீ 1920இல் ஓபிக் என்றொரு எப் 2 லென்ஸை வடிவமைத்தார். அந்த வழியில் வந்ததுதான் இது. பேசும்படம் வந்தபோது, இரைச்சல் போட்ட கார்பன் ஆர்க் விளக்குகளை ஒதுக்கிவிட்டு டங்ஸ்டன் பல்புகளுக்கு மாறினார்கள். சத்தம் போனது, கூடவே வெளிச்சமும் குறைந்தது. வாயைப் பெரிதாகத் திறக்கக்கூடிய லென்ஸ் தேவைப்பட்டது.

அதனால் அதன் குணமெல்லாம் அகலத் திறந்திருக்கும்போதுதான் தெரியும். நடுவில் முகம் துலங்கும், ஓரம் இளகும், விளக்கைச் சுற்றி மெல்லிய ஒளிமூட்டம் படரும். எப் போலவே டியும் திறப்பின் அளவுதான், எண் கூடக் கூட வாய் சுருங்கும். டி 5.6, டி 8 என்று மூடிக்கொண்டு போனால் அது நல்ல பிள்ளையாகிவிடும். பிறகு அதற்கும் இன்றைய லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நீங்கள் திரையில் மூக்கை வைத்துப் பார்க்கவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். உங்கள் கமெராவில் எஸ்-லொக்3 என்ற பதிவு முறையை வைத்தால் அடிப்படை ஐ.எஸ்.ஓ., அதாவது ஒளி உணர்திறன், 800. அந்த வெயிலுக்கு எப் 16, ஷட்டர் 1/800 சரியாக இருக்கும். அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டரை 1/50க்கு இறக்கினால் நாலு ஸ்டொப் மிஞ்சும்; ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. லென்ஸை எப் 2.8க்குத் திறந்தால் இன்னும் ஐந்து. மொத்தம் ஒன்பது ஸ்டொப்பை, நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற என்.டி. பில்டரால் குறைக்கவேண்டும், அதாவது என்.டி. 2.7. எப்எக்ஸ்30க்கு உள்ளே என்.டி. கிடையாது. அவ்வளவு கடுமையான சாதாரண பில்டர் போட்டால் அகச்சிவப்புக் கதிர் மட்டும் தாராளமாக உள்ளே போய், கறுப்புச் சட்டை மண்ணிறமாகத் தெரியும். அகச்சிவப்பையும் தடுக்கிற பில்டராகப் பார்த்து வாங்கவேண்டும். இதற்கெல்லாம் காசில்லை என்று லென்ஸை மூடினால், வாடகைக் காசு முற்றத்து மண்ணில் கொட்டினதுதான்.

ஆனால் நாற்சார் வீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்றேன். உள்விறாந்தையில் அம்மா இருக்கிறார், அவருக்குப் பின்னால் முற்றம் வெயிலில் எரிகிறது என்று வையுங்கள். இன்றைய லென்ஸில் முகம் கரியாகும், முற்றம் வெளுக்கும், நடுவில் கத்தியால் வெட்டின மாதிரிக் கோடு விழும். பழைய கண்ணாடிகளின் பூச்சு இன்றைய அளவுக்குத் தேறியதல்ல. முற்றத்து வெளிச்சம் லென்ஸுக்குள்ளேயே கொஞ்சம் சிதறி, இருண்ட பக்கத்தின் மேல் பால் தெளித்த மாதிரிப் பரவும். நிழலில் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை, அதன் கடுமை மட்டும் தணியும். விறாந்தையில் டி 2.3க்குத் திறப்பதற்குப் பெரும்பாலும் என்.டி.யும் தேவைப்படாது. ஆகவே முழு செட் வேண்டாம். 32, 50 இரண்டையும் மட்டும், விறாந்தைக் காட்சிகள் எடுக்கிற இரண்டு நாளுக்குத் தருவாரா என்று கேளுங்கள். முற்றத்து நடுப்பகலுக்கு நண்பனிடம் உள்ள லென்ஸே போதும்.

எடுப்பதென்றால் அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். லென்ஸ் பி.எல். மவுண்டுக்கு, அதாவது சினி கமெராக்களில் லென்ஸ் பூட்டும் வாய்க்கு, மாற்றியதா என்று முதலில் கேளுங்கள். பி.எல். மவுண்டிலிருந்து பிலிம் தளத்துக்குத் தூரம் 52 மி.மீ., சோனி ஈ மவுண்டிலிருந்து சென்சருக்கு 18 மி.மீ. இடையில் வரும் 34 மி.மீ.தான் அடாப்டர். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலே லென்ஸில் பொறித்த தூரக் குறிகள் பொய் சொல்லத் தொடங்கும். நான் ஒருமுறை மலிவு அடாப்டரை நம்பி, நாடா பிடித்து அளந்து, குறி வைத்து, ஒரு நாள் முழுக்கக் குளோசப் எடுத்தேன். சின்னத் திரையில் எல்லாம் அருமை. பெரிய திரையில் போட்டபோது ஒருவருக்கும் கண் இல்லை, காது மட்டும் துல்லியமாக இருந்தது.

டகுமாருக்கு வருவோம். அது புகைப்பட லென்ஸ், சினி லென்ஸ் அல்ல. ஆனால் எம்42 மரையிலிருந்து சோனிக்கு அடாப்டர் மலிவு, லென்ஸும் நல்லது. மஞ்சள் நிறம் அழுக்கல்ல. அந்தக் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. அதன் கதிர்வீச்சே வருடக்கணக்கில் கண்ணாடியை மஞ்சளாக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் தெளியும். அதற்கு வெளிநாட்டில் விளக்கு வாங்குகிறார்கள், நமக்கு மொட்டைமாடி இருக்கிறது. பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடி, முன்பக்கத்தை வெயிலுக்குக் காட்டி வையுங்கள். தாளை மறந்தால் பின்னால் கிடக்கும் கடதாசியோ துணியோ பற்றிக்கொள்ளும். சில நாளிலோ சில வாரத்திலோ வித்தியாசம் தெரியும். கதிர்வீச்சு மிகக் குறைவு, பயப்படத் தேவையில்லை. உடைக்கவோ உரசவோ மட்டும் வேண்டாம்.

சின்ன லென்ஸுக்குள் இருப்பது பூஞ்சணம். மாரி ஈரமும் தோல் உறையும் சேர்ந்தால் நம் ஊரில் வேறென்ன வரும்? பூச்சை அது தின்றிருந்தால், துடைத்தாலும் தடம் போகாது. எப்படியும் அதை இந்தக் கமெராவில் பூட்டிப் பயனில்லை. 16 மி.மீ. பிலிமின் மூலைவிட்டம் 13 மி.மீ.க்கும் குறைவு, உங்கள் சென்சருக்கு 28. கிணற்றுக்குள் நின்று வானம் பார்த்த மாதிரி வட்டமாகத்தான் வரும்.

ஆனால் அந்த லென்ஸ் தனியாக வீட்டுக்கு வந்திருக்காது. பெட்டியின் அடியில், அலுமாரிக்கு மேலே, எங்கேயாவது தகர டப்பாவில் பிலிம் சுருள் கிடக்கிறதா பாருங்கள். கிடைத்தால் மூடியைத் திறக்காமல், வெயிலில் வைக்காமல், முதலில் எனக்கு எழுதுங்கள்.